சாரல் பார்க்க ஓமன் போன கதை

எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் மீன்பிடித் தடைக்காலம் இரண்டு உண்டு என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சட்டென்று நம்ப மாட்டார்கள். சின்னமுட்டத்தில் விசைப்படகுகளை ஏப்ரல் 15 அன்று கட்டிப்போட்டால் ஜூன் 14 வரை கடலுக்குப் போகாது. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஏப்ரலும் மேயும் படகு ஓடும், அவர்களுக்குத் தடை ஜூன் 1 தொடங்கி ஜூலை 31 வரை. ஒரே மாவட்டம், பஸ்ஸில் ஏறினால் ரெண்டு மணி நேரத்துக்குள் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போய்விடலாம், ஆனால் ஒன்று கிழக்குக் கடல் கணக்கு, மற்றது மேற்குக் கடல் கணக்கு. ஜூன் முதல் ரெண்டு வாரம் இரண்டு தடையும் ஒன்றாக விழும். அப்போது சந்தையில் மீன் விலையைக் கேட்டுவிட்டு முருங்கைக்காய் வாங்கிக்கொண்டு திரும்புகிறவர்களில் நானும் ஒருவன்.

மழையும் இப்படித்தான். ஜூன், ஜூலையில் குலசேகரம் பக்கம் ரப்பர் மரத்துக்கெல்லாம் பிளாஸ்டிக் பாவாடை கட்டிவிட்டுத்தான் பால் வெட்டுவார்கள், அந்த அளவுக்குத் தூறிக்கொண்டே இருக்கும். அதே நாளில் ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி முப்பந்தல் போய் நின்றால் ஒரு சொட்டு இருக்காது. மேகம் இருந்ததையெல்லாம் மலைக்கு அந்தப் பக்கமே கொட்டிவிட்டு வெறுங்கையோடு காற்றாக வந்து காற்றாலையைச் சுற்றிக்கொண்டிருக்கும். மலைக்கு எந்தப் பக்கம் நிற்கிறோம், காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, அவ்வளவுதான் விஷயம். இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் இது தெரியும். தெரிந்துகொண்டே, வெளிநாட்டுக்கு டிக்கெட் போடும்போது மட்டும் ‘இன்ன நாட்டுக்குப் போக நல்ல மாதம் எது’ என்று போனில் தேடி, முதலில் வந்த பதிலை நம்பியோ, டிக்கெட் மலிவு, லீவு கிடைத்தது என்று கிளம்பியோ மூன்று தடவை மாட்டியிருக்கிறேன். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலாவது அம்மாவின் மஸ்கட் பயணம். அண்ணன் அங்கே போய்ப் பதினாலு வருஷம் ஆகிறது, அம்மா ஒரு தடவைகூடப் போய்ப் பார்த்ததில்லை. ஒரு வருஷம் ஜூலையில் திருவனந்தபுரத்திலிருந்து டிக்கெட் அவ்வளவு மலிவாகக் கிடைத்தது. அதிர்ஷ்டம் என்று நினைத்து எனக்கும் சேர்த்து ரெண்டாகப் போட்டேன். வளைகுடாவில் ஜூன் கடைசியில் பள்ளிக்கூடம் மூடியதும் குடும்பம் குடும்பமாக ஊருக்குக் கிளம்புவார்கள், அப்போது அங்கிருந்து இங்கே வருகிற டிக்கெட் எகிறும். ஆகஸ்ட் கடைசியில் இங்கிருந்து திரும்பிப் போகிற டிக்கெட் எகிறும். நடுவில் ஜூலையில் நாம் எதிர்த்திசையில் போகிறோம், சீட் காலியாகக் கிடக்கிறது, அதனால் மலிவு. இத்தனை பேர் ஏன் அங்கிருந்து ஓடி வருகிறார்கள் என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும், யோசிக்கவில்லை.

ஓமனில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மத்தியானம் பன்னிரண்டரையிலிருந்து மூன்றரை வரை வெட்டவெளியில் யாரையும் வேலை வாங்கக் கூடாது என்று அரசாங்கமே விதி போட்டு வைத்திருக்கிறது. அந்த மாதம் பார்த்து அறுபத்தெட்டு வயது அம்மாவை ஊர் சுற்றிக் காட்டக் கூட்டிப் போயிருக்கிறோம். பாலைவனம் என்றால் வறண்ட சூடு என்றுதான் நான் நினைத்திருந்தேன், மஸ்கட் கடலோர ஊர் என்பது மூளையில் ஏறவில்லை. ராத்திரி ஒன்பது மணிக்குக்கூட வெளியே அனலும் ஈரமும் சேர்ந்து ஆளை அடிக்கும். ஏசி போட்ட வீட்டுக் கதவைத் திறந்து அம்மா ஒரு கால் வெளியே வைத்ததும் கண்ணாடி முழுக்க வெள்ளையாக மூடிக்கொள்ளும், முந்தானையால் துடைப்பாள், துடைத்து மாட்டியதும் திரும்ப மூடும். மூன்றாவது தடவை கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, “உள்ளயே இருப்போம் மக்கா, டிவி பாக்கதுக்கு எந்த ஊரா இருந்தா என்ன” என்றாள். ஒரு வாரம் டிவிதான்.

அண்ணனுக்குத் தாங்கவில்லை. சலாலா போவோம் என்றான். ஓமனுக்குத் தெற்கே, ஏமன் எல்லைப் பக்கம், மஸ்கட்டிலிருந்து ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர். விடியற்காலை மூன்று மணிக்குக் காரில் கிளம்பினோம். ஆதம் தாண்டினால் ரோடு, மணல், ரோடு, மணல், ஹைமா என்று ஒரு ஊர், பெட்ரோல் போட்டோம், திரும்ப மணல். அம்மா பின்சீட்டில் தூங்கி எழுந்து தூங்கி எழுந்து, “இன்னும் அதே எடத்துலதான் நிக்கியா?” என்று ரெண்டு தடவை கேட்டாள். தும்ரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் ரோடு மலையிலிருந்து இறங்கத் தொடங்கியது, எதிரே வந்த வண்டிகளெல்லாம் பட்டப்பகலில் விளக்குப் போட்டுக்கொண்டு வந்தன. ரெண்டு வளைவுதான். மணல் நின்றது, மூடுபனி வந்தது, ரெண்டு பக்கமும் புல். டேஷ்போர்டில் 43 என்று காட்டிக்கொண்டிருந்த எண் எங்கள் கண் முன்னாலேயே இறங்கி 26-ல் வந்து நின்றது. அண்ணன் ஜன்னலை இறக்கினான். சாரல்.

இதை அங்கே ‘கரீஃப்’ என்பார்கள். ஜூன் 21 முதல் செப்டம்பர் 21 வரை என்று கணக்கு. நம் ஊருக்கு இடவப்பாதி மழையைக் கொண்டு வருகிற அதே தென்மேற்குக் காற்றுதான் அங்கேயும் வேலை பார்க்கிறது, ஆனால் வேறு மாதிரி. காற்று கடலின் மேல்தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போக, அடியிலிருந்து குளிர்ந்த தண்ணீர் மேலே வருகிறது. அந்தக் குளிர்ந்த கடல் மேல் வருகிற ஈரக்காற்று பனியாகிவிடுகிறது. மேலே பாலைவனத்தின் சூடான காற்று மூடி போட்டதுபோல நிற்பதால் அது எழும்பிப் பெருமழையாக முடியாமல் மலையில் மோதித் தூறலாகவே கிடக்கிறது. மரத்தின் இலைகளில் பனி படிந்து சொட்டுகிற தண்ணீரில்தான் அந்த மலைக்காடு பிழைக்கிறது. மலையைத் தாண்டி வடக்கே இறங்கினால் திரும்பப் பாலைவனம். அதாவது இன்னொரு ஆரல்வாய்மொழி.

ஊருக்குள் ரோட்டோரம் வரிசையாகக் கடைகள், வாழைக்குலை தொங்குகிறது, இளநீர் குவித்து வைத்திருக்கிறார்கள், பப்பாளி, கரும்பு. தென்னந்தோப்புக்கு நடுவில் ரோடு போகிறது. அம்மா இறங்கி ஒரு கடையில் மட்டிப்பழம் இருக்கிறதா என்று கேட்டாள். கடையில் நின்றவர் மலப்புறத்துக்காரர், சிரித்துக்கொண்டே இல்லை என்று மலையாளத்தில் சொல்லி வேறொரு சீப்பை வெட்டிக் கொடுத்தார். சாரலில் நனைந்துகொண்டே அம்மா நாலு பக்கமும் பார்த்தாள். அப்புறம் அண்ணனிடம், “எல மக்கா, இது நம்ம குலசேகரம்லா? இதப் பாக்கவா ஒரு ராத்திரி ஒரு பகல் வண்டி ஓட்டிட்டு வந்த?” என்றாள்.

அண்ணன் முகம் சுருங்கிவிட்டது. பதினாலு வருஷத்தில் அவன் பார்த்ததிலேயே நல்ல இடம் என்று கூட்டி வந்திருக்கிறான். அவனுக்கு அது நிஜமாகவே நல்ல இடம்தான். சுற்றிலும் புல்வெளியில் பாய் விரித்துக் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். எமிரேட்ஸ், சவூதி நம்பர் பிளேட் போட்ட வண்டிகள். குடை கிடையாது, தேடவும் இல்லை. ஒரு சின்னப் பிள்ளை தலையை அண்ணாந்து வாயைத் திறந்து தூறலைக் குடித்துக்கொண்டிருந்தது. அம்மா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, “பாவம், மழையக் கண்டதில்ல போல” என்றாள். அதன்பிறகு குலசேகரம் பேச்சை எடுக்கவில்லை. வாதி தர்பாத்தில் ஒட்டகம் தண்ணீருக்குள் இறங்கி நிற்பதை மட்டும் போனில் படம் எடுக்கச் சொன்னாள், அது குலசேகரத்தில் இல்லை. கடலில் குளிக்கலாம் என்று நினைத்துப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்த மாதங்களில் சலாலா கடல் ஆடி மாசத்துக் குளச்சல் கடல் மாதிரி, பக்கத்தில் போக முடியாது.

அன்றிலிருந்துதான் ‘சீசன்’ என்று எங்கே படித்தாலும் யாருக்கு என்று கேட்டுக்கொள்கிறேன். டிசம்பர் முதல் மார்ச் வரை போங்கள் என்று தாய்லாந்துக்கும் துபாய்க்கும் இலங்கைக்கும் எழுதி வைத்திருப்பதில் பெரும்பகுதி, வீட்டு வாசலில் பனி கிடக்கும்போது வெயில் தேடி வருகிற ஐரோப்பியருக்காக எழுதியது. அவர்களுக்கு வெயில் ஒரு சுற்றுலாப் பொருள். அவர்கள் கூட்டத்தோடு கூட்டமாக, அவர்கள் ஏற்றிவிட்ட ரூம் வாடகையைக் கொடுத்து, நமக்கு வருஷம் பூரா இலவசமாகக் கிடைக்கிற வெயிலை நாமும் போய்க் காய்கிறோம். மழை என்றால் அவர்களுக்கு விடுமுறை பாழ். நமக்குப் பழகிய சங்கதி. கடலில் இறங்கவோ படகில் போகவோ திட்டம் இல்லையென்றால், ஒரு மத்தியானம் மழை பெய்கிற ஊருக்குப் பாதி விலையில் போக எனக்குத் தயக்கமே இல்லை. எங்களுக்குப் பயப்பட வேண்டியது வேறு ரெண்டு: குளிர், இருட்டு. அது மூன்றாவது கதையில் வரும்.

ரெண்டாவது திருகோணமலை. என் மனைவி பள்ளி ஆசிரியை, அதனால் எங்கள் குடும்பத்துக்கு வருஷத்தில் மூன்றே ஜன்னல்கள்தான் திறக்கும்: ஏப்ரல் கடைசி முதல் மே முடிய, காலாண்டுத் தேர்வு விடுமுறை, கிறிஸ்துமஸ் விடுமுறை. ஒரு கிறிஸ்துமஸுக்கு இலங்கை போவோம் என்று முடிவாயிற்று. இலங்கைக்கு டிசம்பர் நல்ல மாதம் என்று எல்லா இடத்திலும் போட்டிருந்தது. சம்பந்தர் பாடிய திருக்கோணேச்சரத்தைப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை, நிலாவெளியில் கடலில் ஆட வேண்டும் என்பது பிள்ளைகள் ஆசை. போன மூன்று நாளும் மழை. கோயிலை நனைந்துகொண்டே பார்த்தேன், அதில் குறை இல்லை, பாறை உச்சியில் அந்த மழையும் கடலும் சேர்ந்து நன்றாகத்தான் இருந்தது. நிலாவெளியில் கடல் கலங்கிச் செம்மண் நிறத்தில் அடித்துக்கொண்டிருந்தது, புறாத்தீவுக்குப் படகு விடவில்லை. தங்கிய வீட்டுக்காரர் எங்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, “வைகாசியில வாங்கோ, கடல் குளம் மாதிரிக் கிடக்கும்” என்றார்.

இலங்கையின் நடுவில் மலை இருக்கிறது. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று, கொழும்பு, காலி என்ற ஊர்கள் பக்கம் மழை, கிழக்கே திருகோணமலை காய்ந்து கிடக்கும். அக்டோபர் தாண்டி ஜனவரி வரை வடகிழக்குக் காற்று, கிழக்கும் வடக்கும் நனையும், மலைக்கு அந்தப் பக்கம் காலியில் வெள்ளைக்காரர்கள் மணலில் படுத்திருப்பார்கள். ‘இலங்கைக்கு டிசம்பர்’ என்று ஒரு நாட்டையே ஒரே மாதத்தில் அடைத்தவர்கள் காலியை மனதில் வைத்துச் சொன்னார்கள், நான் திருகோணமலைக்குப் போய் நின்றேன். ரெண்டு பருவமழையும் ரெண்டு தடைக்காலமும் உள்ள ஊரில் பிறந்த ஒருவன் இதைக் கோட்டை விட்டதுதான் வெட்கம். இத்தனைக்கும் 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் இலங்கையின் தென்பகுதியைக் கடந்து வந்துதான் எங்கள் கடலைப் புரட்டிப் போட்டது. போனவர்கள் வராத வீடுகள் இங்கே கடற்கரை ஊர்களில் இன்னும் இருக்கின்றன. அந்தக் காலத்தில் வங்கக்கடல் எப்படி இருக்கும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இந்தப் பக்கத்துக் கணக்கு கிழக்கே போகப் போக அப்படியே ஒத்துவரும். தாய்லாந்தில் ஃபூக்கெட், கிராபி அந்தமான் கடல் பக்கம், மே முதல் அக்டோபர் வரை மழை, கடலில் சிவப்புக் கொடி. சிமிலன் தீவுகளை மே நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை மூடியே விடுகிறார்கள். கோ சமூயி எதிர்ப் பக்கம், அங்கே அக்டோபர், நவம்பரில்தான் கொட்டும். மலேசியாவில் லங்காவி ஒரு கணக்கு, கிழக்குக் கரையில் பெர்ஹெந்தியான், ரெடாங் இன்னொரு கணக்கு. பின்னவை நவம்பர் முதல் பிப்ரவரி வரை பெரும்பாலும் கடையைக் கட்டிவிடும். சிங்கப்பூரில் இந்தத் தொல்லை இல்லை, எப்போது போனாலும் ஒரு மழை உண்டு. பூமத்திய ரேகையைத் தாண்டி பாலிக்குப் போனால் தலைகீழ், அங்கே மழை நவம்பர் முதல் மார்ச் வரை. எங்களைப் போல மே மாதத்தில் மாட்டிக்கொண்டவர்களுக்கு பாலி ஒரு நல்ல வழி, மழை ஓய்ந்து பச்சை மிச்சம் இருக்கிற நேரம்.

மூன்றாவது இங்கிலாந்து. கொழுந்தியாள் அங்கே நர்ஸ். நாங்கள் போன கிறிஸ்துமஸில் குளிருக்குத் தயாராகத்தான் போனோம், அதாவது நாகர்கோவிலில் ஆளுக்கொரு ஸ்வெட்டர் வாங்கிக்கொண்டு. அவை ஊட்டிக்குப் போகத் தைத்தவை என்பது விமான நிலையத்துக்கு வெளியே வந்ததும் தெரிந்தது. மறுநாள் கொழுந்தியாள் பழைய துணிக் கடை ஒன்றுக்குக் கூட்டிப் போய்ச் சல்லிசாக நாலு கனத்த கோட்டு வாங்கிக் கொடுத்தாள். அங்கே போய் வாங்குவதுதான் சரி. குளிரை அப்படிச் சமாளித்துவிட்டோம். இருட்டை ஒன்றும் செய்ய முடியவில்லை. கன்னியாகுமரியில் ஆனி மாசத்துப் பகலுக்கும் மார்கழிப் பகலுக்கும் ஒரு மணி நேரம்கூட வித்தியாசம் கிடையாது, ஆகவே வெளிச்சம் என்பது கூடிக் குறைகிற பொருள் என்பதே நமக்கு உறைப்பதில்லை. லண்டனில் டிசம்பர் கடைசியில் சூரியன் எட்டு மணி தாண்டித்தான் வருகிறது, நாலு மணிக்குள் போய்விடுகிறது. மொத்தம் எட்டு மணி நேரம்கூட இல்லை. ஜூனில் அதே ஊரில் பதினாறரை மணி நேரப் பகல். ஒரே டிக்கெட் விலைக்கு ரெண்டு மடங்கு நாள். நான் ஒரு நாளைக்கு நாலு இடம் என்று பட்டியல் போட்டு வைத்திருந்தேன், ரெண்டாவது இடத்துக்கு நாங்கள் போய்ச் சேரும்போதே மஞ்சள் விளக்கு எரியத் தொடங்கியிருக்கும், மகள் “அப்பா, ராத்திரி ஆயிட்டா?” என்பாள். மணி மூன்றே முக்கால்.

அதைவிடப் பெரிய அடி டிசம்பர் 25. எங்கள் ஊரில் கிறிஸ்துமஸ் என்றால் ராத்திரி பூரா நட்சத்திரமும் குடிலும் பார்க்க ஊரே ரோட்டில் நிற்கும், பஸ்ஸில் கால் வைக்க இடம் இருக்காது. அந்தக் கொண்டாட்டத்தின் தாய்வீட்டைப் பார்க்கப் போகிற மாதிரி நாங்கள் கிளம்பி நின்றால், அன்றைக்கு அங்கே ரயிலே ஓடாதாம். லண்டன் பாதாள ரயிலும் கிடையாது. கடைகளும் சாத்திக் கிடந்தன. எல்லாரும் அவரவர் வீட்டுக்குள். கொழுந்தியாளுக்கு அன்றைக்கு டியூட்டி வேறு. நாங்கள் நாலு பேரும் ஜன்னல் வழியாகக் காலியான தெருவைப் பார்த்துக்கொண்டு சேமியா உப்புமா சாப்பிட்டோம்.

ஆகவே காலம் என்பது வானத்தைப் பார்த்து மட்டும் முடிவு செய்கிற விஷயம் இல்லை, அந்த ஊர் பஞ்சாங்கத்தையும் பார்க்க வேண்டும். தாய்லாந்தில் சோங்கிரான் ஏப்ரல் 13 முதல் 15 வரை, நம் சித்திரை விஷுவும் அதே நாட்கள்தான், சங்கராந்தி என்ற அதே சொல்தான் அங்கே அப்படி ஆகியிருக்கிறது. தெருவில் நடந்தால் தண்ணீர் ஊற்றுவார்கள், பிள்ளைகளோடு போனால் கொண்டாட்டம், லேப்டாப் பையோடு போனால் திண்டாட்டம். ரமலான் வருஷத்துக்குச் சுமார் 11 நாள் முன்னால் நகர்ந்துகொண்டே போகும், போன தடவை போனபோது இல்லையே என்று நினைத்துப் போக முடியாது. ஜப்பானில் ஏப்ரல் கடைசியிலிருந்து மே 5 வரை உள்ளூர்க்காரர்களே நாடு முழுக்கச் சுற்றுகிற விடுமுறை, ரயிலில் இடம் கிடைப்பது கஷ்டம். இதெல்லாம் அங்கே. திருவனந்தபுரம் விமான நிலையத்திலேயே வருஷத்துக்கு ரெண்டு நாள், பங்குனியிலும் ஐப்பசியிலும், பத்மநாபசுவாமி கோயில் ஆறாட்டு ஊர்வலம் ஓடுபாதையைக் கடந்து சங்குமுகம் கடற்கரைக்குப் போய்த் திரும்பும், சாயங்காலம் நாலைந்து மணி நேரம் விமானம் எதுவும் இறங்காது, ஏறாது. ஒரு ஐப்பசியில் அண்ணன் வருகிற நேரம் அதனால் மாறியது. எந்த ஊரில் சாமி போக விமானம் நிற்கும் என்று போனில் கத்தினான். நம்ம ஊரிலதான் என்றேன்.

இப்போது டிக்கெட் போடுவதற்கு முன்னால் நான் என்ன செய்கிறேன் என்று கேட்டால், பெரிதாக ஒன்றும் இல்லை. வரைபடத்தை எடுத்துப் போகிற ஊர் மலைக்கு எந்தப் பக்கம், கடலுக்கு எந்தப் பக்கம் என்று முதலில் பார்ப்பேன். நாட்டின் பேரைப் போட்டுத் தேடுவதை நிறுத்தி ஊரின் பேரைப் போட்டுத் தேடுவேன். மழை எத்தனை மில்லிமீட்டர் என்பதோடு எத்தனை நாள் பெய்யும் என்பதையும் பார்ப்பேன். லண்டனில் வருஷத்துக்குச் சுமார் 600 மில்லிமீட்டர்தான், சென்னையில் 1,400-ஐ ஒட்டி வரும், ஆனால் மழை ஊர் என்று பேர் வாங்கியது லண்டன், காரணம் அங்கே அது நூறு நாளுக்கு மேல் பிசுபிசுத்துக்கொண்டே இருக்கும், சென்னையில் பெய்தால் ஒரே நாளில் வீட்டுக்குள் வந்துவிடும். சூட்டுக்குப் பகல் வெயிலைவிட ராத்திரி எத்தனை டிகிரி என்று பார்ப்பேன், ராத்திரி முப்பதுக்குக் கீழே இறங்காத ஊருக்கு அம்மாவைக் கூட்டிப் போவதில்லை. சூரியன் உதிக்கிற, மறைகிற நேரம் கட்டாயம். ஐரோப்பா என்றால் ஷெங்கன் விசாவுக்கு ஆறு மாதம் முன்னாலேயே விண்ணப்பிக்கலாம், மே மாதப் பயணத்துக்குக் கார்த்திகையிலேயே வேலையைத் தொடங்கினால் மாசி பங்குனியில் அல்லாட வேண்டாம். இவ்வளவு பார்த்தாலும் சராசரி சராசரிதான். 2024 ஏப்ரல் 16 அன்று துபாயில் மழை வந்து ஓடுபாதையில் விமானங்கள் தண்ணீரில் நின்றதை எந்தச் சராசரியும் சொல்லியிருக்காது.

அம்மாவை இன்னொரு தடவை மஸ்கட்டுக்குக் கூட்டிப் போவது என்று முடிவாகியிருக்கிறது. ஜனவரி, பிப்ரவரிதான் அங்கே நல்ல காலம், பகலில் நம் ஊர் மார்கழிக் காலை மாதிரி இருக்கும், கண்ணாடியும் மூடாது. அம்மாவிடம் சொன்னேன். பூதப்பாண்டி வயலில் கும்பப்பூ அறுத்து நெல் வீட்டுக்கு வராமல் தான் எங்கேயும் வர முடியாது என்றாள். அறுப்பு எப்படியும் பிப்ரவரிக்கு இழுக்கும். 2027-ல் ரமலான் பிப்ரவரி 8 வாக்கில் தொடங்குகிறது, பகலில் ஹோட்டல்கள் பெரும்பாலும் மூடியிருக்கும், அம்மாவுக்கோ பதினோரு மணி டீ தவறக் கூடாது. அண்ணன் ஜனவரி கடைசி என்கிறான், அம்மா அறுப்பு என்கிறாள், மனைவிக்கு லீவு ஏப்ரலில்தான். அறுப்பு மெஷின்காரரிடம் தேதி கேட்டிருக்கிறேன். தோவாளைப் பக்கம் முடித்துவிட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.